குசினிக் கதிரை

ஒட்சிசன் முகமூடியைத் தானே கழற்றி நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மகனின் சட்டைக் கொலரைப் பிடித்துக் கிட்ட இழுத்தார் கிழவர். நதீம் குனிந்தான். அவன் காதுக்குள் உருதுவில் ஏதோ சொன்னார். ஒரு வசனம்தான் இருக்கும். சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்துகொண்டார். நதீம் நிமிர்ந்து நேரே மனைவி சாரங்காவைப் பார்த்தான்.

அந்தப் பார்வைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அழுகிறவனின் பார்வையாக இருந்திருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கப் புருவம் மட்டும் ஏறி, கேட்டதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறவனின் பார்வை அது. அவள் கட்டிலின் கால்மாட்டில் தண்ணீர்க் கோப்பையோடு நின்றாள்.

“என்ன சொன்னார்?” என்று கேட்டாள். அவர்களுக்குள் எப்போதும் ஜெர்மன்தான். அவளுக்கு உருது வராது, அவனுக்குத் தமிழ் வராது. சண்டை பிடிப்பதற்கும் சமாதானமாவதற்கும் மூன்றாவது வீட்டு மொழியைக் கடன் வாங்கி வைத்திருந்தார்கள்.

“ஒன்றுமில்லை. பிறகு சொல்கிறேன்.”

அந்தப் பிறகு வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வண்டி ஆஸ்பத்திரியின் நடை ஓடைக்குள் உருண்டு வந்துகொண்டிருந்தபோது மாமனார் இறந்துபோனார். தாதி வந்து நாடி பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள். செத்தவரின் உயிர் வெளியே போகட்டும் என்று இங்கே அப்படி ஒரு வழக்கம். ஹம்பேர்க்கின் ஈரக் காற்று உள்ளே வந்தது. நதீம் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சாரங்கா அவன் முதுகைத் தடவினாள். தடவும்போதும் அவள் மனம் அந்த ஒரு வசனத்தைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டாரா? சாகிற நேரத்தில் சொல்லிவிட்டுத்தான் போனாரா?

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அவள் மடியில் கனம் இருந்தது.

பாகிஸ்தானில் இக்லாக் பெய்க் என்றால் பாதிப்பேருக்கு ஆளைத் தெரியாது. சீனா பாய் என்றால் தெரியாத குழந்தை கிடையாது. கராச்சியில் கல்யாண வீடுகளில் ஆள்களைப் போலப் பேசிக் காட்டிப் பிழைத்தவர், மேடைக்குப் போய், மேடையிலிருந்து தொலைக்காட்சிக்குப் போனார். கறுப்பு வெள்ளைக் காலத்தில் தொடங்கி வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகும் ஓடிய ஒரு தொடரில், அரசாங்க அலுவலகம் ஒன்றில் தேநீர் கொண்டுவரும் மதராசிப் பியூன் வேடம் அவருக்கு. அது ஒளிபரப்பாகும் நேரத்தில் தெருவில் ஆள் இராது, கள்ளன்கூட வீட்டிலிருந்து பார்த்துவிட்டுத்தான் களவுக்குப் போவான் என்று நதீம் பெருமையாகச் சொல்வான். அதிகாரி உறுக்கினால் பியூன் பயந்துபோய், தோளில் கிடக்கும் துவாயைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, பெண்குரலில் மதராசி மொழியில் ஏதோ உளறுவார். அவ்வளவுதான். நாடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சீனா என்ற பெயர் எப்படி வந்தது என்று சாரங்கா கேட்டபோது, கண் சின்னதாக இருப்பதால் சீனாக்காரன் என்று வைத்திருப்பார்கள் என்றான் நதீம்.

சாரங்கா அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. பார்ப்பதில்லை என்று வைராக்கியம். அவளது கல்யாண வரவேற்பில் நதீமின் சிநேகிதர்கள், பெண் தமிழ் என்று தெரிந்ததும், வட்டமாக நின்று “சினாசொராபோதா! வாதா!” என்று கோரஸாகக் கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சீனா பாயின் மதராசி மொழியாம். அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. எங்கட மொழியைப் பகிடி பண்ணிக் காசு சேர்த்த மனுசன் என்று அன்றைக்கே மனதில் ஒரு முள் தைத்துக்கொண்டது.

அந்த மனுசன்தான் மனைவி செத்த பிறகு, இருதய வருத்தத்தோடு, ஒரு பெட்டியும் இரண்டு தொப்பியுமாக வந்து அவள் வீட்டில் இறங்கினார். அவளை “பேட்டீ” என்று கூப்பிட்டார். மகளே என்று அர்த்தமாம். அவளுக்கு அது தமிழ்ப் பேட்டியாகத்தான் கேட்டது. பொருத்தமும் அதுதான், ஏனென்றால் அவர் எந்நேரமும் பேட்டி எடுக்க வந்தவர் போலத்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளடைவில் அவள் ஒன்றைக் கவனித்தாள். எசன் நகரத்திலிருந்து அவளது அம்மா கமலநாயகி தொலைபேசியில் வந்தால், கிழவர் வரவேற்பறையில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அணைத்துவிடுவார். குசினிக்கு வந்து மேசையோரக் கதிரையில் உட்காருவார். கையில் ஒரு மண்டரின் தோடம்பழம் இருக்கும். அதை உரிப்பார், உரிப்பார், உரித்துக்கொண்டே இருப்பார். சாரங்காவுக்குக் கை ஒழியாது, அதனால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அடுப்படியில் வைத்துத்தான் பேசுவாள்.

“அங்க ஆரும் நிக்கினமோ?” என்று அம்மா முதலில் கேட்பார். வம்புக் கதை ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

“கிழவர்தான் இருக்கிறார். அவருக்கு என்ன விளங்கப் போகுது? நீங்கள் சொல்லுங்கோ.”

ஒருநாள் பேச்சோடு பேச்சாக, “ஐயோ, சொதிக்கு உப்புப் போட மறந்திட்டன் அம்மா” என்றாள். இன்னும் ஒருவரும் சாப்பிட உட்காரவில்லை. கிழவர் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து உப்புக் குப்பியை எடுத்து மேசை நடுவில் வைத்துவிட்டு வந்து இருந்தார். சாரங்காவின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

“ஏன் உப்பு?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

அவர் நாக்கை நீட்டிக் காட்டி, “கிழ நாக்கு. செத்துப்போச்சு” என்று தனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில் சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போனது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அம்மா பகிடி சொல்லும்போது கிழவர் சிரித்தால் சந்தேகம், சிரிக்காமல் இருந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம். கடைசியில் ஒரு சோதனை வைத்தாள். அவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது, கறிக்கு வெங்காயம் வெட்டுகிறவள் போலவே இருந்துகொண்டு, தமிழில் சாதாரணமாகச் சொன்னாள்:

“மாமா, உங்கட முதுகில பெரிய சிலந்தி ஒண்டு ஊருது.”

கிழவர் அசையவில்லை. ஒரு சுளையை எடுத்து, அதன் வெள்ளை நாரை நிதானமாக நீக்கி, வாயில் போட்டு மென்றார். பிறகு அவளைப் பார்த்து, என்னிடம் ஏதாவது கேட்டாயா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். சாரங்காவுக்கு வெட்கமாகவும் போய்விட்டது, நிம்மதியாகவும் இருந்தது. வாழ்நாள் முழுக்க நடித்துச் சாப்பிட்ட மனிதனிடம் அந்தச் சோதனை செல்லுமா என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

அந்த நிம்மதியில்தான் வாயை விட்டாள்.

மாமனார் நிரந்தரமாகத் தங்குவதற்கு அன்ராக், அதாவது விண்ணப்பம், போட நதீம் தயாரானபோது, வீட்டு நிர்வாகத்திலிருந்து தொலைபேசி வந்தது, இந்தச் சின்ன வீட்டில் மூன்றாவது ஆளை நிரந்தரமாக வைத்திருக்க ஏலாதாம் என்று அவனிடம் சொன்னாள். நதீம் முகம் செத்துப்போய், வேறு வீடு தேடலாம் என்றான். அடுத்த நாள் குசினியில் அம்மாவிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

“நான் சும்மா சொன்னனான் அம்மா. அப்பிடி ஒருத்தரும் எடுக்கேல்லை.”

“நல்ல வேலை செய்தாய். ஏத்தி அனுப்பிவிடு பிள்ளை. நாளைக்குப் பாயில விழுந்தால் ஆர் அள்ளிக் கொட்டுறது? நீதான். அந்த மனுசன் உனக்கு என்ன ஒட்டா உறவா?”

“அதுதான் அம்மா நானும் பாத்தனான்.”

கிழவர் உரித்த சுளைகளை ஒரு தட்டில் வட்டமாக அடுக்கி, அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார். அந்த வாரமே, சாப்பாட்டு மேசையில், கராச்சியில் ஒரு மேடைக்குக் கூப்பிடுகிறார்கள், எனக்கு டிக்கெட் போடு என்று மகனிடம் சொன்னார். எவ்வளவு மறித்தும் கேட்கவில்லை. புறப்படுவதற்குச் சில நாள் இருக்கும்போது குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

ஆகவே, அவருக்கு விளங்கியிருக்கிறது. அல்லது விளங்காமலே தற்செயலாக அமைந்திருக்கிறது. இரண்டில் ஒன்று. முதலாவது என்றால், அந்தக் காதுக்குள் போன வசனம் வேறு என்னவாக இருக்கும்? உன் மனைவி பொய்க்காரி. என்னைத் துரத்தினவள் இவள்தான்.

அடக்கத்துக்கு இவ்வளவு சனம் வரும் என்று அவள் நினைக்கவில்லை. கராச்சிக்குக் கொண்டுபோவதா இங்கேயா என்று பேச்சு நடந்தபோது நதீம் இங்கேயே என்றுவிட்டான். ரயில் நிலையத்துப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள். டாக்சிக்காரர்கள், மருத்துவர்கள், நேற்று வந்த மாணவர்கள் எல்லாரும் மழையில் நனைந்துகொண்டு மண் போட்டார்கள். ஒயென்டோர்ஃப் மயானத்தில் பெண்கள் பக்கமாக நின்ற சாரங்கா மண்ணைப் பார்க்கவில்லை, நதீமைத்தான் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கிறானா, பார்க்காமல் இருக்கிறானா? பார்க்காமல் இருந்தால் வேண்டுமென்று இருக்கிறானா?

அம்மா எசனிலிருந்து காலை ரயிலில் வந்து சேர்ந்திருந்தார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் ஒடுங்கி நின்றார்.

“ஏன் பிள்ளை பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?” என்று காதோடு கேட்டார். “வயசாளிதானே. போற நேரம் போயிட்டார்.”

“அவர் சாக முந்தி நதீமிட்ட ஏதோ சொன்னவர் அம்மா.”

“என்னவாம்?”

“சொல்லுறான் இல்லை.”

அம்மாவின் முகம் ஒரு கணம் யோசித்தது. “உனக்கு விசர். அந்த மனுசனுக்குத் தமிழ் எங்கால?” என்றார். ஆனாலும் அதற்குப் பிறகு அவரும் மருமகனை ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார். தாயைப் போல பிள்ளை என்பது சும்மாவா.

மறுநாள் துக்கம் விசாரிக்க வந்தவர்களால் வீடு நிரம்பியது. வரவேற்பறையில் ஆண்கள். குசினியில் தாயும் மகளும் தேநீருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அம்மா உட்கார இடம் தேடிக் கிழவரின் கதிரையைத் தொட்டுவிட்டு, ஏனோ உட்காராமல் ஜன்னலோரம் நின்றார். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் பலத்த குரலில் நதீமிடம் ஏதோ கேட்பதும், நதீம் சம்மதிப்பதும் கேட்டது. பிறகு தொலைக்காட்சியின் இசை. பிறகு சிரிப்பு. துக்க வீட்டில் என்ன சிரிப்பு என்று சாரங்கா முகத்தைச் சுளித்தாள். பழைய தொடரைப் போட்டிருக்கிறார்கள் என்பது விளங்கியது. கதவை உதைத்துச் சாத்தப்போனாள்.

அப்போது அம்மா சட்டென்று தலையைத் திருப்பினார்.

“பிள்ளை, தமிழாக்கள் ஆரும் வந்திருக்கினமோ?”

“இல்லையே. ஏன்?”

“ஆரோ ஒரு மனுசி பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுறா. சோறு ஆறுது எண்டு.”

சாரங்கா கையில் கரண்டியோடு வரவேற்பறை வாசலுக்குப் போனாள். அங்கே பெண்கள் யாரும் இல்லை. திரையில் ஒரு கறுத்த மெலிந்த இளைஞன், பியூன் உடுப்பில், தலையில் துவாய் முக்காட்டோடு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். சின்னக் கண்கள். வந்தவர்கள் கண்ணீரும் சிரிப்புமாகக் கிடந்தார்கள். கடைக்காரர் அவளைக் கண்டதும், மருமகளும் பார்க்க வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில், காட்சியைப் பின்னால் இழுத்து மீண்டும் போட்டார்.

அதிகாரி மேசையைக் குத்துகிறான். பியூன் நடுங்குகிறான். துவாய் தலைக்குப் போகிறது. தெருக்கோடிவரை கேட்கக்கூடிய ஒரு தாயின் குரல் அவன் தொண்டையிலிருந்து எழும்புகிறது:

“சின்னா! சோறு ஆறிப்போவுது! வெளையாண்டது போதும், வாடா!”

அறை குலுங்கிச் சிரித்தது. கரண்டியிலிருந்த பால் சாரங்காவின் காலில் சொட்டியது.

எங்கட தமிழ் இல்லை. இந்தியப் பக்கத்துத் தமிழ். ஆனால் சுத்தமான தமிழ், ஒரு எழுத்துப் பிசகாத தமிழ். சினாசொராபோதாவும் இல்லை, உளறலும் இல்லை, பகிடியும் இல்லை. சீனாவும் இல்லை. ஒரு கோடி பேர் சிரித்த அந்தச் சத்தம், விளையாடப் போன பிள்ளையை ஒரு தாய் சாப்பிடக் கூப்பிட்ட சத்தம்.

அவள் குசினிக்குத் திரும்பி வந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். 

“மாமாவோ?”

“ஓம்.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அம்மாதான் அடுப்பை அணைத்தார்.

“அப்ப நாங்கள் கதைச்சதெல்லாம்…”

“ஓம் அம்மா.”

“பாயில விழுந்தால் எண்டு நான் சொன்னது…”

“இந்தக் கதிரையிலதான் இருந்தவர்.”

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். “கடவுளே, என்ர வாய்க்குப் புழுத்தான் வைக்கும்,” என்றார். பிறகு, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. எனக்குத் தமிழ் தெரியும் எண்டு ஒரு சொல்லு. ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டார்.

சாரங்கா வழிந்த பாலைத் துடைக்கத் தொடங்கினாள். பயம் முன்னைவிடப் பெரிதாகி நின்றது. இனித் தற்செயல் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. கேட்டவர் கேட்டிருக்கிறார். காதுக்குள் போனதும் அதுதான்.

வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு நதீம் தானாகவே குசினிக்கு வந்து கோப்பைகளைக் கழுவத் தொடங்கினான். அம்மா அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். சாரங்கா துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டாள். இனியும் பொறுக்க முடியாது. எப்படியும் வெடிக்கத்தான் போகிறது, வெடிக்கட்டும்.

“உன் அப்பா திரையில் சொல்வது உளறல் இல்லை,” என்றாள். “அது தமிழ்.”

“இன்றைக்கு விளையாடாதே சாரங்கா.”

அவள் சொல்லுக்குச் சொல் பிரித்துச் சொன்னாள். சோறு இது, ஆறுவது இது, வாடா என்று யார் யாரைக் கூப்பிடுவார்கள், சின்னா என்றால் என்ன. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நதீம் அதை நிறுத்தவில்லை.

“பாட்டி ஆஸ்பத்திரியில் துணி துவைத்தவர் என்று மட்டும்தான் அப்பா சொல்வார்,” என்றான் கடைசியில். “அவர் சின்னப் பையனாக இருக்கும்போதே பாட்டி செத்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மதராசிகள் குடியிருந்த ஒரு மூலை இருந்தது. அங்கே வளர்ந்ததால் அவர்களைப் போலப் பேசிக் காட்டுகிறார் என்றுதான் நாங்கள்…” அவன் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். “அப்படியென்றால் நீ பேசுவதெல்லாம் அவருக்கு விளங்கியிருக்குமா?”

“தெரியாது,” என்றாள். பொய் அவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

நதீமுக்குத் திடீரென்று ஏதோ ஞாபகம் வந்து, இத்தனை நாளில் முதல்தடவையாகச் சிரித்தான். “ஒருநாள் குளியலறைக்குள் ஓடிவந்து சட்டையைக் கழற்றி உதறு உதறென்று உதறினார். முதுகைப் பார் என்றார். என்ன அப்பா என்று கேட்டால், எட்டுக் காலோடு ஒரு விருந்தாளி வந்திருக்கிறாராம் என்றார். ஒன்றுமே இருக்கவில்லை. மூளை தட்டிவிட்டது என்று பயந்துபோனேன்.”

சாரங்கா துணியை மேசையில் வைத்தாள். கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்றைக்கு உன் காதில் என்ன சொன்னார்?”

“அதுவும் அப்படித்தான். பைத்தியக்காரத்தனமாக இருந்தது. சாகும்போதும் பகிடி விடுகிறாரா என்று உன்னைப் பார்த்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.” அவன் கையைத் துடைத்துக்கொண்டான். “‘அவள் தாயோடு தொலைபேசியில் பேசும்போது குசினிக் கதவைச் சாத்திவிடாதே.’ அவ்வளவுதான்.”

“வேறு?”

“வேறு ஒன்றுமில்லை.”

“வீட்டைப் பற்றி? ஊருக்குப் போவதைப் பற்றி?”

“இல்லையே. ஏன், வேறு என்ன சொல்ல வேண்டும்?”

அவள் வாயைத் திறந்தாள். கிழவர் கொண்டுபோய்ப் புதைத்துவிட்ட ஒன்றை இவனிடம் தோண்டிக் கொடுப்பதா என்று நின்றாள்.  நதீம், அவள் அழுகிறாள் என்பதைக் கண்டு, தன் தகப்பனுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, அவளை அணைத்துக்கொண்டான். அதுவும் பிழையில்லை, அவள் அவருக்காகத்தான் அழுதாள்.

அம்மா அடுத்த நாள் எசனுக்குப் போனார். ரயிலடியில் இருவரும் அதிகம் கதைக்கவில்லை. சனி, ஞாயிறு கழிந்து, ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. சாரங்கா அடுப்பில் கறியைத் தாளித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அங்க ஆரும் நிக்கினமோ?” என்று அம்மா கேட்டார். கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அவசரமாக, “சரி, அதை விடு பிள்ளை” என்றார்.

சாரங்கா கதிரையைப் பார்த்தாள். மேசையில் மண்டரின் தட்டு இருந்தது, நதீம் வாங்கி வைத்தது.

“நீங்கள் சொல்லுங்கோ அம்மா,” என்றாள்.

“என்னத்தைச் சொல்ல. பல்கனியில வைச்ச பாகல் காய்க்கத் துவங்கியிட்டுது. கீழ் வீட்டு ஜெர்மன்காரி வந்து இது என்ன வெள்ளரிக்காயோ எண்டு கேக்கிறாள். நான் ஓம், கடிச்சுப் பார் எண்டு ஒண்டைக் குடுத்தன்…”

சாரங்கா அடுப்பைக் குறைத்தாள். நடை ஓடைப்பக்கம் போய், பாதி சாத்திக் கிடந்த கதவை முழுக்கத் திறந்து, தும்புக்கட்டை விளக்குமாற்றை முண்டு கொடுத்து வைத்தாள். திரும்பி வந்து தொலைபேசியை அடுப்படியிலிருந்து எடுத்து, மேசையில், கதிரைக்கு நேரே வைத்தாள்.

“கொஞ்சம் பலமாக் கதையுங்கோ அம்மா,” என்றாள்.